சின்னச் சூரியனின் இடம்

தாராவி
11 ஆகஸ்ட் 2024

சிட்டு,

சுகமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. உன்னிடம் அதைக் கேட்க முடியாது. அதனால் என் சுகத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். சாப்பிடுகிறேன். மெஷினில் உட்காருகிறேன். தோல் பைக்கு வார் தைக்கிற வேலை வந்துகொண்டுதான் இருக்கிறது. தையல் நேராகப் போகிறது.

நீ போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. மழைத் தண்ணீரில் நடந்து வந்தாய், காய்ச்சல் என்று படுத்தாய், ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள். அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

பதினாறு கழிந்த அன்று உன் செம்பூர் அம்மா வாசலில் நின்று, "உங்க சந்துத் தண்ணிதான்க்கா எம் பிள்ளையக் கொண்டு போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். என் நம்பரையும் போனில் அடைத்துவிட்டாள். பெற்றவள் அவள். எனக்குப் பிள்ளை இல்லை என்று உன்னைக் கைக்குழந்தையாக என் மடியில் போட்டவளும் அவள்தான். நீ எங்கள் இரண்டு பேரையும் அம்மா என்றாய், ஊர்ப் பேரைச் சேர்த்துக்கொண்டு. வாரநாளில் தாராவி அம்மா, சனி ஞாயிறு செம்பூர் அம்மா. பஸ்ஸிலும் ரயிலிலும் நீதான் போய் வந்தாய். நாங்கள் அக்காவும் தங்கச்சியும் அவரவர் வீட்டிலேயே இருந்துகொண்டோம்.

உன் சாமான் எல்லாம் அப்படியே இருக்கிறது. என் பழைய கால்மெஷினின் தலையைக் கழற்றிவிட்டு, மேலே வட்டப் பலகை பொருத்தி, நடுவில் ஆணி அடித்து, பெடலை மிதித்தால் பலகை சுற்றுகிற மாதிரி தோல் பெல்ட்டை முறுக்கி மாட்டியிருந்தாயே, அதுவும். பலகை மேல் மஞ்சள் விளக்கு, பெரிய சூரியன். சின்னச் சூரியனான சிவப்பு விளக்கை செம்பூரில் வைத்துச் செய்தாய், அது அங்கேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சுற்றிவர நான் தைத்துக் கொடுத்த எலுமிச்சை அளவுத் தோல் பந்து. அதுதான் கோள்.

அதற்கு என்ன பேர் என்று கேட்டேன். "ரெண்டு அம்மாவும் ஒரே ரூம்ல இருக்கும்போதுதான் சொல்லுவேன்" என்றாய். "அப்போ இந்த ஜென்மத்துல சொல்ல மாட்ட" என்று நான் சிரித்தேன்.

பிப்ரவரியில் மாட்டுங்காவில் நடக்கிற கண்காட்சிக்கு நீ பேர் கொடுத்திருக்கிறாய். அதை முடித்து, உன் பேரிலேயே வைக்கப் போகிறேன். அதை நடத்துகிற சங்கத்துப் பெரியவருக்கு எழுத வேண்டும். நான் அஞ்சாம் கிளாஸ். பேனா பிடித்து வருஷமாகிறது. அதனால்தான் முதலில் உனக்கு எழுதிப் பழகுகிறேன். தப்பு இருந்தால் நீ சிரிக்கலாம். அவர் சிரிக்கக் கூடாது.

உன்
தாராவி அம்மா

*

தாராவி
18 ஆகஸ்ட் 2024

மாட்டுங்கா வானம் பார்க்கும் சங்கத்தின் செயலாளர் அனந்தநாராயணன் ஐயா அவர்களுக்கு, தாராவி கனகவள்ளி கைகூப்பி எழுதுவது. தாங்களும் வீட்டில் இருப்பவர்களும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

போனில் பேசியபோது, "எதானாலும் எழுத்துல குடுங்கோ, கமிட்டில வெக்கணும்" என்றீர்கள். எழுத்தில் தருகிறேன்.

உங்கள் மொட்டை மாடிக்கு வந்து பைனாகுலரில் பார்க்கிற ஹரிதா என் மகள். போன மாதம் இறந்துவிட்டாள். இரண்டு சூரியனைச் சுற்றுகிற கோள் என்று அவள் ஒரு பொருள் செய்துகொண்டிருந்தாள். பாதி வேலை முடிந்திருக்கிறது. மீதியை நான் முடிப்பேன். அறிவியல் தினத்தன்று அதை அவள் பேரில் வைக்க இடம் வேண்டும்.

எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் கால்மெஷின் முப்பது வருஷமாக மிதிக்கிறேன். அது எப்படிச் சுற்றும் என்று தெரியும். அதன் மேல் இருப்பது எப்படிச் சுற்றும் என்று நீங்கள் சொன்னால் கற்றுக்கொள்வேன்.

முடியாது என்று எழுதுவதானால் சீக்கிரம் எழுதிவிடுங்கள். மறுபடி கேட்டு எழுத எனக்கு நாள் வேண்டும்.

இப்படிக்கு
கனகவள்ளி

*

மாட்டுங்கா
30 ஆகஸ்ட் 2024

ஸ்ரீமதி கனகவள்ளி அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தைக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. கடிதம் கிடைத்து ஒரு வாரம் பதில் எழுதாமல் இருந்தேன். ஹரிதா மாடிக்கு வராத காரணம் பரீட்சை என்றே நினைத்திருந்தோம்.

முதல் நாள் அவளுக்கு டெலஸ்கோப்பில் வசிஷ்டரைக் காட்டினேன். கல்யாணத்தில் அருந்ததி பார்க்கச் சொல்வார்களே, அந்த ஜோடியில் பெரியது. வெறும் கண்ணுக்கு ஒன்று. டெலஸ்கோப்பில் இரண்டு. கருவிகளைக் கொண்டு ஆராய்ந்தால் நாலு. அருந்ததியும் தனி ஆள் இல்லை, அங்கே இரண்டு. மொத்தம் ஆறு நட்சத்திரங்கள். இதைச் சொன்னதும் ஹரிதா, "ஜோடின்னு காட்டுறாங்க, உள்ள ஒரு கூட்டுக் குடும்பமே இருக்கே சார்!" என்றாள். மாடியில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். அன்று முதல் அவளுக்கு ஒற்றை நட்சத்திரம் எதுவும் சுவாரஸ்யப்படவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பதிவு செய்தவரே பொருளின் அருகில் நின்று விளக்க வேண்டும் என்பது விதி. இப்படி ஒரு சந்தர்ப்பம் வரும் என்று விதியை எழுதியவனுக்குத் தோன்றவில்லை. எழுதியவன் நான்தான். ஆகவே கமிட்டியில் நானே பேசுகிறேன். எனக்கு மூன்று உறுதிகள் வேண்டும். பொருள் முழுமையாக இருக்க வேண்டும், அரைகுறையை வைப்பதில்லை. சுற்ற வேண்டும். பார்க்க வருபவர்கள் கேட்பதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

ஹரிதா மேடையருகே பெரிய இடம் கேட்டிருந்தாள். அவள் வராததால் அதை ஒரு கல்லூரிக்குக் கொடுத்துவிட்டோம். இப்போது தர முடிவது நாலடிக்கு நாலடி.

சிவப்பு விளக்கு உங்களிடம் இல்லை என்று போனில் சொன்னீர்கள். எந்த விளக்கானாலும் சரி, மேலே சிவப்புக் காகிதம் சுற்றினால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அனந்தநாராயணன்

*

தாராவி
8 செப்டம்பர் 2024

தங்கச்சி பிரபாவதிக்கு அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரர் நம்பிராஜனும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? உனக்கு ரத்த அழுத்த மாத்திரை விட்டுப்போகக் கூடாது. முன்பெல்லாம் இதைச் சிட்டு உனக்கு ஞாபகப்படுத்துவாள்.

போனை அடைத்துவிட்டாய். தபால்காரரை அடைக்க முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

அவள் செய்த பொருளை மாட்டுங்காவில் வைக்கக் கேட்டிருக்கிறேன். வைப்பார்கள். மஞ்சள் விளக்கு இங்கே இருக்கிறது. செல் போட்டு எரிகிற சிவப்பு விளக்கு உன்னிடம் இருக்கிறது. விளிம்புக்கு உன் கண்ணாடி வளையலைத்தான் வைத்திருந்தாள், "செம்பூர் அம்மா கையில இருந்து உருவிட்டேன்" என்று என்னிடம் வந்து பெருமை அடித்தாள். அதைக் கொடுத்தனுப்பு. இல்லை, நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். வாசலோடு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். தண்ணீர்கூடக் கேட்க மாட்டேன்.

வேறு விளக்கு போட்டால் போதும் என்று அந்த ஐயா எழுதியிருக்கிறார். போதும்தான். ஆனால் நான் போட மாட்டேன்.

நீ சொன்ன சொல்லை நான் மறக்கவில்லை. அதற்குப் பதில் சொல்லவும் வரவில்லை. விளக்குக்குத்தான் எழுதுகிறேன்.

அக்கா
கனகவள்ளி

*

தாராவி
6 அக்டோபர் 2024

ஐயா அவர்களுக்கு வணக்கம். போன வாரம் போனில் உங்கள் இருமல் கேட்டது. மிளகும் மஞ்சளும் போட்டுப் பாலில் குடியுங்கள்.

வேலை நன்றாக நடக்கிறது. பலகை சுற்றுகிறது. கோளைப் பிடித்திருக்கிற கம்பி தனிச் சக்கரத்தில் மெதுவாகச் சுற்றுகிறது. அதிலே ஒரு சிக்கல் இருந்தது, அதையும் சரி செய்துவிட்டேன்.

கம்பி மிகவும் நீளம். எங்கள் ரூம் பத்தடிக்குப் பத்தடி. அதற்குள் கட்டில், பீரோ, தண்ணீர் டிரம், என் மெஷின். கம்பி ஒரு பக்கம் டிரம்மில் இடித்தது, மறுபக்கம் பீரோவில் கீறியது. பிள்ளை அளவு பார்க்காமல் வாங்கிவிட்டாள் என்று நினைத்தேன். இங்கே எதை வாங்கினாலும் ரூமுக்குத் தக்கபடி வெட்டித்தான் போடுவோம். எங்கள் கட்டிலும் வெட்டியதுதான், கதவும் வெட்டியதுதான். அதனால் கம்பியை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சந்தில் வெல்டிங் கடை வைத்திருக்கும் அஸாருதீன் பாயிடம் போனேன். "காட் தூ க்யா, அக்கா? ஃபிர் மத் ரோனா" என்றார். வெட்டிவிட்டு அப்புறம் அழக் கூடாது என்கிறார். "வெட்டுங்க பாய்" என்றேன். இப்போது கோள் எதிலும் இடிக்காமல் அழகாகச் சுற்றுகிறது. மஞ்சள் விளக்குக்கும் கோளுக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருக்கிறது.

சிவப்பு விளக்கு இன்னும் வரவில்லை. தங்கச்சியிடமிருந்து பதிலும் இல்லை. நான் எழுதிய விலாசம் சரிதான்.

கனகவள்ளி

*

மாட்டுங்கா
20 அக்டோபர் 2024

ஸ்ரீமதி கனகவள்ளி அவர்களுக்கு,

மிளகுப் பாலுக்கு நன்றி. இருமல் குறைந்தது. வீட்டில், "நான் சொன்னப்போ குடிக்கலை, தாராவி லெட்டர் வந்தாத்தான் குடிப்பேளோ?" என்று கேட்கிறார்கள்.

இனி எழுதுவதை வருத்தமில்லாமல் படிக்க வேண்டும். கம்பியின் நீளம் ஹரிதா தெரிந்தே வைத்தது. என்னிடம் இரண்டு வாரம் அதற்காகச் சண்டை போட்டாள்.

காரணம் இதுதான். இரண்டு சூரியன்களும் ஒன்றையொன்று சுற்றுகின்றன. அவற்றுக்கு மிகவும் அருகில் ஒரு கோள் சுற்றினால், இந்தப் பக்கம் ஒன்று இழுக்கும், அடுத்த நிமிஷம் அந்தப் பக்கம் மற்றது இழுக்கும். அது ஒரு வழியாக நடக்க முடியாது. நாளடைவில் ஒரு சூரியனில் போய் விழும், அல்லது எந்தச் சூரியனும் இல்லாத இருட்டுக்குள் எறியப்படும். பிழைக்க இரண்டு வழி உண்டு. ஒரு சூரியனை மட்டும் ஒட்டிச் சுற்ற வேண்டும், மற்றது வெகு தூரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டையும் சேர்த்து எட்ட நின்று சுற்ற வேண்டும். எட்ட என்றால், சூரியன்களுக்கு நடுவே உள்ள தூரத்தைப்போல் ஏறத்தாழ மூன்று, நாலு மடங்கு. அங்கிருந்து பார்க்கையில் இரண்டு இழுப்பும் ஒரே இழுப்புப் போல ஆகிவிடும்.

முதல் வழி சுலபம், அதையே செய் என்றேன். "வேணாம் சார், ரெண்டையும் சுத்துறதுதான் வேணும்" என்றாள்.

கம்பியை மறுபடி நீட்டினால் நான் தரும் நாலடிக்குள் நிற்காது. ஆனால் கணக்கு நீளத்தில் இல்லை, விகிதத்தில்தான் இருக்கிறது. கோளை வெளியே தள்ள முடியாவிட்டால், சூரியன்களை உள்ளே நெருக்குங்கள். ஒன்று கவனம்: பெரிய சூரியன் நடு ஆணிக்குப் பக்கத்திலும், சின்னது தள்ளியும் இருக்க வேண்டும். ஏறி இறங்கும் சீசா பலகையில் கனமான பிள்ளை நடுவுக்கு நெருங்கி உட்காருவது போல. ஆகவே நெருக்கும்போது பெரியது கொஞ்சம் நகர்ந்தால் போதும். சின்னதுதான் அதிக தூரம் வர வேண்டும்.

அதைரியப்பட வேண்டாம்.

அனந்தநாராயணன்

*

செம்பூர்
3 நவம்பர் 2024

அக்காவுக்கு,

இங்கே இருக்கிறோம். மாத்திரை போடுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. அந்த விளக்கு இங்கே இல்லை. அவள் சாமான்களைக் கட்டும்போது குப்பையோடு போய்விட்டது. இனி அதைக் கேட்டு எழுதாதே.

தீபாவளிக்கு இந்த வீட்டில் ஒரு அகல்கூட ஏற்றவில்லை. வருஷம் திரும்பும்வரை நமக்குப் பண்டிகை இல்லை என்று உனக்குத் தெரியும். நீ மட்டும் விளக்கை வைத்துச் சுற்றிக்காட்டப் போகிறாய், நாலு பேர் கைதட்ட. யாருக்காக இது? அவள் பார்க்கப் போகிறாளா?

உன்னிடம் அஞ்சு நாள், என்னிடம் ரெண்டு நாள். இப்போதும் உன்னிடம்தான் நிறைய இருக்கிறது. மெஷின், பலகை, பந்து, புஸ்தகம். என்னிடம் இருந்ததையும் கேட்கிறாய்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. உனக்கு மூட்டுவலி வரும். கெட்டியாக ஏதாவது போர்த்திக்கொள்.

பிரபாவதி

*

தாராவி
17 நவம்பர் 2024

பிரபாவுக்கு,

போர்வை எடுத்துவிட்டேன். மூட்டு இப்போது பரவாயில்லை. நம்பிராஜனுக்கு என் விசாரிப்பு.

நீ கோபமாக எழுதினாலும் எழுதினாயே, எனக்கு அது போதும். இரண்டு மாதம் வாசலில் தபால்காரர் சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தேன்.

யாருக்காக என்று கேட்டாய். எனக்காகத்தான். காலையில் எழுந்து காலை ஊன்ற ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. அவள் பாதியில் விட்டதில் என் கைக்கு ஆகிற காரியம் இது ஒன்றுதான். நாலு பேர் கைதட்டாவிட்டாலும் செய்வேன். கமிட்டி வேண்டாம் என்றாலும் சந்து முனையில் வைத்து மிதிப்பேன். சந்தில் பெண்கள் பேசுவது உன் காதுக்கும் வந்திருக்கும். "சாவு நடந்த துட்டி வீட்டுல வெளக்கு வேடிக்கையா?" என்று ஒருத்தி என் முகத்துக்கே கேட்டாள். "வேடிக்கை இல்லளா, வேலை" என்றேன்.

உன்னிடம் ரெண்டு நாள்தான் என்று எழுதியிருந்தாய். இத்தனை வருஷம் நான் அதை அப்படி எண்ணிப் பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறேன்.

ஒரு சங்கதி சொல்கிறேன், கேள். அவள் வைத்த நீளக் கம்பியை ரூமில் இடிக்கிறது என்று நான் வெட்டிவிட்டேன். அப்படி அருகில் சுற்றினால் கோள் பிழைக்காது என்று ஐயா எழுதினார். ஒரு பக்கம் விழுந்துவிடும், இல்லையென்றால் இருட்டுக்குப் போய்விடும். கம்பியை இனி நீட்ட இடமில்லை. சூரியன் ரெண்டும் கிட்டே வர வேண்டும், வேறு வழி கிடையாது.

அஸாருதீன் பாயிடம் டிரில் வாங்கி வந்து நானே ஓட்டை போட்டேன். பெரியதை நகர்த்திவிட்டேன். சின்னதுக்கும் நடு ஆணிக்குப் பக்கத்தில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். அது காலியாக இருக்கிறது.

விளக்கு குப்பைக்குப் போய்விட்டது என்றாய். சரி. இனி கேட்டு எழுத மாட்டேன். ஓட்டை இருக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன்.

அக்கா

*

மாட்டுங்கா
12 ஜனவரி 2025

ஸ்ரீமதி கனகவள்ளி அவர்களுக்கு,

சௌக்கியமென நம்புகிறேன். பொங்கல் வாழ்த்து எழுதக் கூடாத வருஷம், அதனால் எழுதவில்லை.

கமிட்டி சம்மதித்தது. ஒருவர் மட்டும், "அந்தம்மாவால விளக்க முடியுமா?" என்று கேட்டார். கேள்விகளை அனுப்புகிறேன், பதில் வரட்டும், வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கேள்விகள்: கோள் எந்தச் சூரியனைச் சுற்றுகிறது? அங்கே இரவு உண்டா? அங்கே நிற்பவருக்கு எத்தனை நிழல்?

மேஜையில் வைக்கும் அட்டைக்குச் செய்தவர் பெயரும், அவர் தாயார் பெயரும், கோளின் பெயரும் வேண்டும். ஹரிதா அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பதாகச் சொன்னாள், என்ன என்று எனக்கும் சொல்லவில்லை.

சின்ன விளக்கு? அரைகுறையை வைப்பதில்லை என்று நான் எழுதியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

அனந்தநாராயணன்

*

தாராவி
26 ஜனவரி 2025

ஐயா அவர்களுக்கு வணக்கம். வீட்டம்மாவுக்கும் என் வணக்கம். உங்கள் இருமல் மறுபடி வந்தால் அவர்கள் சொல்லும்போதே குடித்துவிடுங்கள்.

பதில் எழுதுகிறேன். ஹரிதா புஸ்தகத்தில் இருக்கிற படத்தையும், உங்கள் கடிதத்தையும், பெடலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் கற்றேன்.

கோள் எந்த ஒரு சூரியனையும் சுற்றவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஆணி அடித்த இடத்தைச் சுற்றுகிறது. சூரியன்களும் அதையேதான் சுற்றுகின்றன. அந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

இரவு உண்டு. எட்ட நின்று பார்ப்பதால் சூரியன் இரண்டும் வானத்தில் பக்கத்தில் பக்கத்தில்தான் தெரியும். கொஞ்சம் முன்னே பின்னே மறையும். அப்புறம் இருட்டுதான்.

நிழல் இரண்டு. பந்தின் மேல் ஹரிதா ஒரு குண்டூசி குத்தி வைத்திருக்கிறாள், அதுதான் ஆள். மஞ்சளால் விழுகிற நிழலுக்குள் சிவப்பு வெளிச்சம் விழும். அதனால் அது கறுப்பாக இருக்காது. இதை என்னால் இன்னும் செய்து பார்க்க முடியவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும்.

அட்டையில் செய்தவர் ஹரிதா என்று போடுங்கள். தாயார் கனகவள்ளி, பிரபாவதி. ரெண்டு பேர் எழுத இடம் போதாது என்றால் எழுத்தைச் சின்னதாக்குங்கள், ஒரு பேரை விட வேண்டாம். கோளின் பேருக்கு இடத்தைக் காலியாக விடுங்கள். எனக்குத் தெரியாததை நான் எழுத மாட்டேன்.

சின்ன விளக்கு வராவிட்டாலும் அன்றைக்கு வருவேன். காலி ஓட்டையைக் காட்டி, இங்கே ஒரு சூரியன் இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சொல்வேன். வாசலில் தடுத்தால் வாசலிலேயே வைத்து மிதிப்பேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

கனகவள்ளி

*

செம்பூர்
16 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

சுகம்தான்.

மாட்டுங்காவிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. அட்டையின் நகல் உள்ளே இருந்தது. தாயார் என்று நம் ரெண்டு பேர் பேரும் போட்டிருக்கிறது. என் வீட்டுக்காரர்தான் அதைப் படித்துக் காட்டினார், என்னால் முடியவில்லை.

எத்தனை மணிக்கு ஆரம்பம்? கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரமா? நீ ஸ்டேஷனுக்கு வராதே, மெஷினைத் தனியாக விட்டுவிட்டு.

பென்சில் செல் அங்கே பக்கத்துக் கடையில் கிடைக்குமா?

பிரபா

*

தாராவி
2 மார்ச் 2025

சிட்டு,

இங்கே நாங்கள் சுகம். நாங்கள் என்று எழுதும்போது கை கொஞ்சம் நின்றது, அப்புறம் எழுதிவிட்டது.

கண்காட்சி அன்றைக்குக் காலையில் அஸாருதீன் பாய்தான் டெம்போவில் மெஷினை ஏற்றிக்கொண்டு வந்தார். மேஜைக்குப் பக்கத்தில் நின்றேன். பெரிய சூரியன் எரிகிறது, சின்னதுக்கு ஓட்டைதான். அனந்தநாராயணன் ஐயா அங்கேயும் இங்கேயும் நடக்கிறார், ஓட்டையைப் பார்க்காத மாதிரி நடக்கிறார்.

கதவைத் திறக்கும் நேரத்துக்குப் பிரபா வந்தாள். இளைத்துப் போயிருக்கிறாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மெஷினைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். பையைத் திறந்து துண்டில் சுற்றியதை எடுத்தாள். அது உன் சிவப்பு விளக்கு. வளையல் அப்படியே இருக்கிறது. சிவப்புக் கண்ணாடித்தாள்தான் சூட்டில் ஒரு பக்கம் பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. எடுத்து வந்தபோதே அது எரிந்துகொண்டுதான் இருந்தது.

அதை எடுத்தபோது பைக்குள்ளிருந்து இன்னொரு பிளாஸ்டிக் பையும் சரிந்து விழுந்தது. அது நிறைய, இத்தனை மாதமும் அந்த விளக்கு அணையாமல் மாற்றிப் போட்டுத் தீர்ந்துபோன செல். தரையெல்லாம் உருண்டது. நானும் அவளும் குனிந்து பொறுக்கினோம். மேஜைக்கு அடியில் ரெண்டு பேர் தலையும் முட்டிக்கொண்டது.

"குப்பையில போட மனசு வரலக்கா" என்றாள். செல்லைத்தான் சொன்னாள்.

"ஓட்டை சரியா இருக்கா பாரு" என்றேன்.

"சின்னதா போட்டிருக்க. எப்பவும் எனக்கு இடம் சின்னதாத்தான் வுடுவ" என்றாள்.

"அழுத்திப் பாருளா, போகும்."

அழுத்தினாள், போய்விட்டது. நான் பெடலை மிதித்தேன். சூரியன் ரெண்டும் ஒன்றையொன்று சுற்ற ஆரம்பித்தன. உன் பந்து எட்ட நின்று மெதுவாக வந்தது. ஒன்றிலும் இடிக்கவில்லை. குண்டூசிக்கு ரெண்டு நிழல் விழுந்தது, சிட்டு. ஒன்றில் சிவப்பு இருந்தது. புஸ்தகத்தில் உள்ள மாதிரியேதான்.

நிறையப் பேர் வந்தார்கள். ஒரு அம்மாள், "இது யார் பண்ணது?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன்னே பிரபா, "எங்க மக" என்றாள். கமிட்டியில் சந்தேகப்பட்டவர் வந்து நிழலைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். இன்னொருவர் ஏதோ எடையைப் பற்றிக் கேட்டார், எனக்குத் தெரியவில்லை. "அது தெரியாது, ஐயாவைக் கேளுங்க" என்றேன். ஐயா ஓடி வந்தார். பதில் முடிய அரைமணி நேரம் ஆனது. கேட்டவர் நடுவிலேயே தப்பிவிட்டார்.

செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்கள் அங்கே கொண்டுவந்து காட்ட முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்று நான் சொல்லிவிட்டேன். அங்கே பிரபா மிதிக்க வேண்டும், நான் சொல்ல வேண்டும். அடுத்ததில் மாற்றிக்கொள்ள வேண்டும். அவளுக்கு இன்னும் விகிதம் பிடிபடவில்லை. "சும்மா தூரம்னு சொன்னா என்னக்கா?" என்கிறாள். நேற்றெல்லாம் அதற்கே சண்டை. படித்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பிரபா இங்கே என்னோடு இருப்பதால் நம்பிராஜன் செம்பூரில் ஹோட்டலில் சாப்பிட்டுக்கொள்கிறார். ரெண்டு நாள் என்று சொல்லி வந்தவள், நேற்று இன்னொரு சேலை கொண்டுவரச் சொல்லிப் போன் போட்டாள். என் நம்பரையும் திறந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கு மிஸ்டு கால் கொடுத்துக் காட்டினாள்.

திரும்பி வந்து டெம்போவிலிருந்து இறக்கும்போது பெல்ட் நழுவிவிட்டது. இன்றைக்கு மத்தியானம்தான் சரி செய்தோம். கதவைச் சாத்திவிட்டு மிதித்துப் பார்த்தேன். பந்து டிரம்மில் இடிக்கவில்லை, பீரோவிலும் இடிக்கவில்லை. எங்கள் பத்தடிக்குள்ளேயே முழுச் சுற்று வந்துவிட்டது.

ஐயா அட்டையைத் திருப்பித் தந்திருக்கிறார். உன் பேர் இருக்கிறது, எங்கள் ரெண்டு பேர் பேரும் இருக்கிறது. கோளின் பேருக்கு விட்ட இடம் வெள்ளையாக இருக்கிறது. பிரபா பேனாவை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். நான் மெஷினில் இருக்கிறேன். நீ கேட்டபடி ரெண்டு அம்மாவும் ஒரே ரூமில்தான் இருக்கிறோம்.

இப்போது சொல்லு, சிட்டு, அதற்கு என்ன பேர்?